அலை அடிக்கும் கரண்டிகள்: பழைய வீட்டுச் சாமான்களில் அசையும் சிற்பம் செய்வது பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எங்கள் வீட்டுக் கொலுப்படிக்குப் பக்கத்தில் ஒரு மரப்பெட்டி இருக்கும். அதன் மேல் பன்னிரண்டு எவர்சில்வர் கரண்டிகள் வரிசையாக நிற்கும். பக்கவாட்டில் உள்ள குக்கர் கைப்பிடியைச் சுற்றினால் கரண்டிகள் ஒன்றன்பின் ஒன்றாக எழுந்து தாழும். இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு ஒரு அலை ஓடும். சுண்டல் வாங்க வருகிறவர்கள் இரண்டு சுற்றுச் சுற்றிவிட்டுக் கேள்வி கேட்க ஆரம்பிப்பார்கள். வருஷா வருஷம் ஏறக்குறைய அதே கேள்விகள். பதில்களை ஒரே இடத்தில் எழுதி வைத்துவிட்டால் எனக்கும் தொண்டை மிச்சம்.

அசையும் சிற்பம் என்றால் என்ன? பொம்மையா, மிஷினா?

பொம்மை என்றால் அதை வைத்து விளையாட வேண்டும். மிஷின் என்றால் ஏதாவது ஒரு வேலை நடக்க வேண்டும். இதில் இரண்டும் இல்லை. அது அசையும், நாம் பார்ப்போம்.

வெளிநாட்டுக் கதை கொஞ்சம் உண்டு. 1913-ல் மார்செல் துஷாம்ப் என்ற பிரெஞ்சுக் கலைஞர், சமையலறை முக்காலி ஒன்றின் மேல் சைக்கிள் சக்கரத்தைத் தலைகீழாக மாட்டி வைத்தார். அது சுற்றுவதைப் பார்ப்பது அடுப்பில் நெருப்பு ஆடுவதைப் பார்ப்பது போல அவருக்குப் பிடித்திருந்ததாம். அமெரிக்கரான அலெக்சாண்டர் கால்டர் கம்பியும் தகடும் கொண்டு செய்த அசையும் சிற்பங்களுக்கு 1931-ல் 'மொபைல்' என்று பெயர் வைத்தவரும் துஷாம்ப்தான். அந்தக் கால்டர் 1955-ல் அகமதாபாத்துக்கு வந்து, சாராபாய் குடும்பத்தின் விருந்தாளியாகத் தங்கிச் சில சிற்பங்களைச் செய்துகொடுத்திருக்கிறார்.

ஆனால் அவ்வளவு தூரம் போக வேண்டியதே இல்லை. தஞ்சாவூர் பொம்மை இருக்கிறதே, அது அசையும் சிற்பம்தான். ராஜா ராணி பொம்மையின் அடி உருண்டையாக, பாரமாக இருக்கும். எப்படித் தள்ளினாலும் எழுந்து உட்காரும். நாட்டியப் பொம்மையில் பாவாடை, உடம்பு, தலை எல்லாம் தனித்தனித் துண்டுகள், ஒவ்வொன்றும் ஒரு கம்பி முனையில் உட்கார்ந்திருக்கும். விரலால் ஒரு தட்டுத் தட்டினால் தலை ஒரு தாளத்தில் ஆடும், இடுப்பு இன்னொரு தாளத்தில் ஆடும். மோட்டார் கிடையாது, ஸ்பிரிங் கிடையாது. எடையை எங்கே வைப்பது என்று தெரிந்த ஒருவர் செய்தது, அவ்வளவுதான். இந்த வேலையில் பாதிப் பாடம் அந்தப் பொம்மையிலேயே இருக்கிறது.

முதலில் எந்தப் பொருளை எடுத்துக்கொள்வது?

எதையும் எடுக்காதீர்கள். எப்படி அசைய வேண்டும் என்பதை முதலில் முடிவு செய்யுங்கள்.

இதை நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். மிக்ஸி ஜார் உடம்பு, டவரா தலை, இடுக்கி கை என்று ஒரு மனிதனை ஆசை ஆசையாகச் செய்து முடித்தேன். பார்க்க அம்சமாக இருந்தான். "சரி, இப்போது கையை ஆட்ட வைப்போம்" என்று உட்கார்ந்தால், உள்ளே கம்பி போக வழியே இல்லை. ஜாரைக் குடைந்தால் உடைகிறது, குடையாவிட்டால் அசைவில்லை. இரண்டு மாதம் அலமாரியில் நின்றுவிட்டு அவன் காயலான் கடைக்குப் போனான்.

அதனால் இப்போதெல்லாம் ஒரு வினைச்சொல்லில்தான் ஆரம்பிக்கிறேன். எழுந்து தாழ்வது. ஊசலாடுவது. விரிந்து சுருங்குவது. மெல்ல ஏறிச் சட்டென்று விழுவது. தயங்கித் தயங்கித் திரும்புவது. சொல் கிடைத்ததும், அதே அசைவை வீட்டில் ஏற்கெனவே செய்துகொண்டிருக்கும் சாமான் எது என்று தேடுவேன். பெரும்பாலும் ஒன்று இருக்கும்.

அப்படி ஏற்கெனவே அசையும் சாமான்கள் எவை?

என் கணக்கில் முதலிடம் கிழிந்த குடைக்கு. துணியை உருவி எறிந்துவிட்டு எலும்புக்கூட்டை மட்டும் கையில் எடுத்துப் பாருங்கள். நடுத்தண்டில் ஒரு வளையம் மேலும் கீழும் ஓடுகிறது. அதோடு எட்டுக் கம்பிகள் பிணைந்திருக்கின்றன. வளையம் ஒரு சாண் ஏறினால் எட்டும் ஒரே நேரத்தில் பூ மாதிரி விரிகின்றன. இவ்வளவு சுத்தமான மூட்டுகளை நாம் பட்டறையில் செய்ய நினைத்தால் மாதக் கணக்கில் ஆகும். வளையத்தில் ஒரு நூலைக் கட்டி, தண்டின் உச்சியைத் தாண்டிப் போட்டுக் கீழே இழுத்தால் குடை விரியும். விட்டால் தன் எடையில் சுருங்கும். கம்பி நுனிகளில் பழைய டீஸ்பூன்களைக் கட்டினால் அது எவர்சில்வர் தாமரை. ஒன்று மட்டும்: பட்டனை அழுத்தினால் திறக்கும் குடையின் தண்டுக்குள் பலமான ஸ்பிரிங் இருக்கும். அதைக் கழற்றாதீர்கள், முகத்தில் பாயும். சாதாரணக் குடையே போதும்.

அடுத்தது, கைப்பிடி வைத்துச் சுற்றும் தேங்காய்த் துருவி. கைப்பிடி, தண்டு, தண்டு உட்கார்ந்து சுற்றும் வளையமான புஷ், மேசையில் கவ்விக்கொள்ளும் அடிப்பாகம் எல்லாம் சேர்ந்தே வருகிறது. மூக்கில் இருக்கும் துருவுப் பற்களைக் கழற்றிவிட்டால் கையில் ஒரு தயார் நிலை கிராங்க், அதாவது சுற்றுக் கைப்பிடி.

மேசை விசிறியின் தலைக்குப் பின்னால், அதை இடமும் வலமும் திருப்பும் ஒரு சின்ன கியர் பெட்டி உண்டு. மோட்டார் எரிந்துபோன விசிறியிலும் அது பெரும்பாலும் நன்றாகவே இருக்கும். வேகமான சுழற்சியை மெதுவான தலையாட்டலாக மாற்றுவது அதன் வேலை. சிற்பத்துக்கு வேண்டியது வேறென்ன?

சைக்கிளில் ஸ்போக்ஸ் தங்கம். 2 மி.மீ. தடிமன், நேராக இருக்கும், வளைத்தால் வளைத்தபடி நிற்கும், ஒரு முனையில் தலையும் மறுமுனையில் மரையும் இருக்கும். முன்சக்கரத்தின் நடுவில் இருக்கும் ஹப், தண்டு இறுகாமல் சுற்ற நல்ல பேரிங். காற்றடிக்கும் வால்வின் மேல் மாட்டும் மெல்லிய ரப்பர் குழலான பழைய வால்வ் டியூப் கிடைத்தால் விடாதீர்கள். இரண்டு குச்சிகளை அதில் செருகினால் வளையும் மூட்டு ஆகிவிடும். குப்பையிலிருந்து அறிவியல் பொம்மை செய்வதைப் பள்ளிப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்த அர்விந்த் குப்தா, தீக்குச்சியையும் இந்த வால்வ் டியூபையும் வைத்தே முக்கோணம், கூடாரம், வீடு என்று கட்டிக் காட்டியவர்.

இட்லித் தட்டு, ஜல்லிக் கரண்டி, சல்லடை: ஓட்டை ஏற்கெனவே இருப்பதால் கம்பி கோக்கச் சுலபம். பூரிக்கட்டை நல்ல உருளை. சுவர்க் கடிகாரத்தின் பின்பெட்டி தாளையோ கோழி இறகையோ சுற்றும். கரண்டியைக் கட்டினால் நின்றுவிடும்.

பாட்டி காலத்துப் பித்தளையை மட்டும் வெட்டாதீர்கள். அப்படியே தொங்கவிடலாம், வெட்டினால் வீட்டில் நடக்கும் சண்டைக்கு நான் பொறுப்பில்லை.

வீட்டில் இல்லாததை எங்கே வாங்குவது?

காயலான் கடை. எடைக்குப் போட்டுக் கொடுப்பார்கள். காலையில் போனால் நல்ல சாமான், சாயங்காலம் போனால் நல்ல விலை. சென்னையில் இருப்பவர்களுக்கு இரும்பு, வண்டிச் சாமான்களுக்குப் புதுப்பேட்டையும், சின்ன மோட்டார், ஒயர், ஸ்விட்சுகளுக்கு ரிச்சி தெருவும் இருக்கின்றன. டிவி, மிக்ஸி பழுது பார்க்கும் கடைக்காரரோடு பழகி வைத்துக்கொள்வது எல்லாவற்றையும்விட லாபம்.

எனக்கு வெல்டிங் தெரியாது. செய்ய முடியுமா?

எனக்கும் தெரியாது. கட்டுக்கம்பி, நட்டு போல்ட், எம்-சீல், சைக்கிள் டியூபை வெட்டிய ரப்பர் பட்டை, இவை போதும். வெல்டிங் தெரிந்தவர்களுக்கு ஒரு எச்சரிக்கை: துத்தநாகம் பூசிய வாளி, தகரத்தைச் சூடாக்கினால் வெள்ளைப் புகை வரும், அதைச் சுவாசித்தால் அன்று ராத்திரி காய்ச்சல்.

எவர்சில்வரில் துளை போடுவது மட்டும் சிரமம். வேகமாக டிரில் செய்தால் தகடு சூடாகி இன்னும் கெட்டிப்படும், பிட் மழுங்கும். மெதுவான வேகம், நல்ல அழுத்தம், இரண்டு சொட்டு எண்ணெய். நான் பாதி நேரம் துளையே போடாமல் கம்பியால் கட்டிவிடுவேன்.

முதல் முறை செய்பவர் எதில் ஆரம்பிக்கலாம்?

தொங்கும் சிற்பத்தில். தராசு தெரிந்தவர் எல்லோரும் செய்யலாம். ஒரு பக்கம் எடையையும் தூரத்தையும் பெருக்கினால் வருவதும் மறுபக்கம் வருவதும் சமமாக இருக்க வேண்டும்.

40 செ.மீ. கம்பி ஒன்று. ஒரு முனையில் 60 கிராம் குழம்புக் கரண்டி, மறுமுனையில் 20 கிராம் டீஸ்பூன். எங்கே பிடித்துத் தூக்கினால் சமமாக நிற்கும்? கரண்டியிலிருந்து 10 செ.மீ. தள்ளி. 60-ஐ 10-ஆல் பெருக்கினால் 600. 20-ஐ 30-ஆல் பெருக்கினாலும் 600. சமையலறைத் தராசு இருந்தால் கணக்குப் போடலாம். இல்லாவிட்டால் விரல் மேல் கம்பியை வைத்து நகர்த்திப் பாருங்கள், விரலே சொல்லிவிடும்.

எப்போதும் கீழ்த்தட்டிலிருந்து மேல் நோக்கிக் கட்ட வேண்டும். இப்போது செய்த ஜோடி மொத்தம் 80 கிராம், கம்பி எடை தனி. அது முழுவதும் அடுத்த கம்பியின் ஒரு முனையில் தொங்கும் ஒரே பாரம். மேலிருந்து ஆரம்பித்தால் கீழே ஒவ்வொன்று சேர்க்கும்போதும் மேலே எல்லாம் குலையும்.

இன்னொரு நுணுக்கம். கம்பி வில் மாதிரி நடுவில் உயர்ந்து முனைகளில் தாழ்ந்திருக்க வேண்டும். அப்போது தொங்கும் புள்ளி பாரங்களுக்கு மேலே இருக்கும், அசைத்துவிட்டால் ஆடி ஆடிப் பழைய நிலைக்கு வரும். நடு தாழ்ந்து முனைகள் உயர்ந்தால் ஒரு காற்றுக்குக் கவிழ்ந்துகொள்ளும். தஞ்சாவூர் பொம்மையின் அடிபாரமும் இதுவும் ஒரே சங்கதிதான்.

மேலே மாட்டும் இடத்தில் நூல் முறுக்கேறாமல் இருக்க, தூண்டில் சாமான் விற்கும் கடையில் ஸ்விவல் என்று கேளுங்கள், இரண்டு முனையும் தனித்தனியாகச் சுழலும் சின்ன வளையம் அது. சில்லறைக் காசுக்குக் கிடைக்கும். சீலிங் ஃபேன் கொக்கியில் தொங்கவிடுபவர்கள் ஃபேனைக் கழற்றிவிட்டுத் தொங்கவிடவும். சிரிக்காதீர்கள், கழற்றாமல் தொங்கவிட்ட ஒருவரை எனக்குத் தெரியும்.

அந்தக் கரண்டி அலை எப்படி வேலை செய்கிறது?

இதைத்தான் எல்லோரும் கேட்கிறார்கள், அதனால் விலாவாரியாகவே சொல்கிறேன்.

உள்ளே நீளவாட்டில் ஒரு தண்டு ஓடுகிறது. மொட்டை மாடியில் காக்காய் உட்கார மட்டும் பயன்பட்டுக்கொண்டிருந்த பழைய டிவி ஆன்டெனாவின் அலுமினியக் குழாய் அது. 10 மி.மீ. கனம், கோணலில்லாமல் நேராக இருந்தது, எடையே இல்லை. 75 செ.மீ. நீளத்துக்கு அறுத்தேன்.

தண்டில் பன்னிரண்டு வட்டுகள் கோத்திருக்கின்றன. அவை ஹவாய் செருப்பின் அடிப்பாகத்தில் வெட்டியவை. ஜோடியில் ஒன்று தொலைந்துபோன செருப்பு எந்த வீட்டிலும் இருக்கும். எனக்கு மூன்று கிடைத்தது. 5 செ.மீ. அகல வட்டு. முக்கியமான விஷயம், துளை நடுவில் இல்லை. நடுவிலிருந்து 1 செ.மீ. தள்ளி இருக்கிறது. அதனால் தண்டு சுற்றும்போது வட்டின் விளிம்பு 2 செ.மீ. ஏறி இறங்கும். இஞ்சினில் கேம் என்கிறார்களே, அதேதான். செருப்பு ரப்பர் தண்டை நன்றாகப் பிடித்துக்கொள்கிறது, பசையே வேண்டியதில்லை. துளையைக் கொஞ்சம் சின்னதாகப் போட்டுச் சோப்புத் தண்ணீர் தடவி ஏற்றினேன்.

அலை வர வேண்டுமானால் ஒவ்வொரு வட்டும் முந்தைய வட்டைவிடக் கொஞ்சம் திரும்பியிருக்க வேண்டும். பன்னிரண்டுக்கு ஒரு முழுச் சுற்று, அதாவது ஒவ்வொன்றும் 30 டிகிரி. பாகைமானியை வைத்துக்கொண்டு போராடிக்கொண்டிருந்தபோது, ஓடாத சுவர்க் கடிகாரம் ஒன்று கண்ணில் பட்டது. அதன் தட்டில் எண்களுக்கு இடையே இருப்பதும் அதே 30 டிகிரிதானே! தட்டைத் தண்டின் கோடியில் ஒட்டினேன். முதல் வட்டு பன்னிரண்டு மணியைப் பார்க்கும், அடுத்தது ஒரு மணியை, அடுத்தது இரண்டு மணியை. பத்து நிமிஷத்தில் வேலை முடிந்தது. அந்தத் தட்டை இன்னும் எடுக்கவில்லை. கைப்பிடியைச் சுற்றும்போது அதுவும் சேர்ந்து சுற்றுகிறது, பார்க்க நன்றாக இருக்கிறது.

வட்டின் மேல் ஸ்போக்ஸ் கம்பி நிற்கும். கம்பியின் அடியில் தேய்க்கும் பாதமாகச் சோடா பாட்டிலின் பிளாஸ்டிக் மூடி, நுனியில் கரண்டி. கம்பி சாயாமல் மேலும் கீழும் போவதற்கு மை தீர்ந்த பால்பாயின்ட் பேனாவின் வெறும் குழல். அந்தக் குழல் நீளமாக இருப்பது முக்கியம். வட்டு சுற்றும்போது கம்பியைப் பக்கவாட்டிலும் தள்ளும். குழல் குட்டையாக இருந்தால் கம்பி கோணலாக நின்று இறுகிக்கொள்ளும்.

தண்டின் இரு முனைகளையும் ஆப்பிள் பெட்டிப் பலகை தாங்குகிறது. மரத்தில் அலுமினியம் நேரடியாக உரசினால் கறுப்புத் தூள் கொட்டும். அதனால் பலகையில் இன்னும் இரண்டு பாட்டில் மூடிகளைப் பதித்து, அவற்றில் துளை போட்டேன். அந்த வழவழப்பான பிளாஸ்டிக் சத்தமில்லாத புஷ்.

ஒரே தடவையில் சரியாக வந்ததா?

வருமா? ஆறு ஞாயிற்றுக்கிழமை ஆனது.

முதல் ஓட்டத்தில் கரண்டிகள் மேலே போயின, கீழே வரவில்லை. ரப்பர் விளிம்பு மூடியைப் பற்றி இழுத்துக்கொண்டே இருந்தது. விளிம்பைச் சுற்றிப் பிரவுன் டேப் ஒட்டியதும் வழுக்க ஆரம்பித்தது. அப்புறம் வேறொரு வேடிக்கை. பாதத்தின் நடுவில் படாமல் ஓரத்தில் பட்ட வட்டுகள், கரண்டியைத் தூக்கியதோடு நில்லாமல் சுழற்றியும் விட்டன. நாலு சுற்றில் பன்னிரண்டு கரண்டியும் பன்னிரண்டு திசையைப் பார்த்தன. கல்யாண வீட்டில் கோபித்துக்கொண்ட சம்பந்திகள் போல. மூடிகளின் ஒரு பக்கத்தை அறுத்துத் தட்டையாக்கிப் பின்பலகையில் உரசும்படி வைத்தேன், திரும்புவது நின்றது. ஆனால் அந்தத் தவறு ஒரு வித்தையைக் காட்டிக்கொடுத்தது: ஏறவும் வேண்டும் சுழலவும் வேண்டும் என்றால், வேண்டுமென்றே ஓரத்தில் பட வையுங்கள். அடுத்த வருஷம் செய்த கோலாட்டப் பொம்மைகள் அப்படித்தான் சுற்றின.

மெல்ல ஏறிச் சட்டென்று விழ வேண்டுமானால் வட்டுக்குப் பதிலாக நத்தை ஓடு வடிவில் வெட்டுங்கள். உலக்கை போட்டுக் குத்துகிற மாதிரி இருக்கும். அது ஒரு பக்கமாகத்தான் சுற்றும், எதிர்ப்பக்கம் சுற்றினால் முட்டி நிற்கும்.

மோட்டார் வைத்தால் தானாக ஓடுமே?

ஓடும். ஆனால் தானாக ஓடுகிற சிற்பத்தை இரண்டு நிமிஷம் பார்த்துவிட்டுப் போய்விடுவார்கள். கைப்பிடி இருந்தால் யாரும் ஒரு தடவையோடு விடுவதில்லை; மெதுவாகச் சுற்றிப் பார்ப்பார்கள், பின்னோக்கிச் சுற்றிப் பார்ப்பார்கள், குனிந்து உள்ளே பார்ப்பார்கள். எனக்குக் கைப்பிடிதான் பிடிக்கும்.

மோட்டார்தான் வேண்டும் என்றால் மெதுவானதைத் தேடுங்கள். நிமிஷத்துக்கு ஐந்திலிருந்து பத்துச் சுற்று கண்ணுக்கு இதமாக இருக்கும். மிக்ஸி மோட்டார் நிமிஷத்துக்குப் பல ஆயிரம் சுற்றுச் சுற்றும். அதில் கரண்டியைக் கட்டினால் அது சிற்பமில்லை, ஆயுதம். பழைய டிவிடி பிளேயரில் தட்டை வெளியே தள்ளும் மோட்டார் பாதுகாப்பானது. பெல்ட்டும் பல்சக்கரமும் சேர்ந்தே இருக்கும், ஃபோன் சார்ஜரின் 5 வோல்ட்டில் ஓடும்.

மைக்ரோவேவ் அடுப்பின் தட்டைச் சுற்றும் மோட்டாரும் நிமிஷத்துக்கு ஐந்தாறு சுற்றுதான். ஆனால் அதில் இரண்டு சங்கதி. ஒன்று, அது பெரும்பாலும் வீட்டு 230 வோல்ட்டில் நேரடியாக ஓடுவது. எலக்ட்ரீஷியன் இல்லாமல் தொடாதீர்கள். இரண்டு, ஒவ்வொரு முறை ஸ்விட்ச் போடும்போதும் எந்தப் பக்கம் சுற்றும் என்பது அதன் இஷ்டம். நத்தை வடிவக் கேம் வைத்த சிற்பத்துக்கு ஆகாது.

பழைய மைக்ரோவேவை நானே பிரிக்கலாமா?

கூடாது. ப்ளக்கைக் கழற்றிய பிறகும் உள்ளே இருக்கும் கெபாசிட்டரில் ஆளைக் கொல்லும் அளவுக்கு மின்சாரம் தங்கியிருக்கலாம். பெரிய பிக்சர் டியூப் உள்ள பழைய டிவிக்கும் இதே பேச்சுதான். மோட்டார் வேண்டுமானால் கடைக்காரரிடம் கழற்றிய மோட்டாராகக் கேட்டு வாங்குங்கள். உப்பிய ஃபோன் பேட்டரி, டியூப்லைட், காலியான ஸ்ப்ரே டப்பா ஆகியவற்றுக்கும் இந்த வேலையில் இடமில்லை.

என்ன எண்ணெய் போடுவது?

தையல் மிஷின் எண்ணெய், ஒரே ஒரு சொட்டு. தேங்காய் எண்ணெய் வேண்டாம்; முதல் நாள் நன்றாக ஓடும், தூசியோடு சேர்ந்து பிசுக்காகிவிடும், மார்கழியில் உறைந்தும் போகும். மரத்தோடு மரம் உரசும் இடத்தில் எண்ணெய் கூடவே கூடாது, மரம் ஊறிப் பருக்கும். அங்கே மெழுகுவத்தியைத் தேய்த்தால் போதும். பென்சில் முனைத் தூளும் நல்லது, ஆனால் கையெல்லாம் கறுப்பாகும்.

கடகடவென்று சத்தம் வருகிறதே?

எந்தச் சத்தம் என்று பாருங்கள். கீச்சென்றால் உரசல், எண்ணெயோ மெழுகோ போடுங்கள். கடகடவென்றால் எங்கோ ஆட்டம் இருக்கிறது; துளை பெரிதாகிவிட்டது, வாஷர் வைக்க வேண்டும். உலோகத்தோடு உலோகம் மோதினால் நடுவில் சைக்கிள் டியூப் துண்டு. பலகை முழுவதும் அதிர்ந்து சத்தத்தைப் பெருக்கினால் அடியில் பழைய ரப்பர் மேட்.

எல்லாச் சத்தத்தையும் கொன்றுவிடவும் வேண்டாம். என் அலையில் ஏழாவது கரண்டி உச்சிக்குப் போகும்போது பக்கத்தில் தொங்கும் டம்ளரை லேசாகத் தொடும். சுற்றுக்கு ஒரு 'டிங்'. அது தற்செயலாக வந்தது. சரிசெய்யப் போனேன், மாமியார் தடுத்துவிட்டார். அவர் சொன்னது சரிதான்.

பெயின்ட் அடிக்கலாமா?

கரண்டி கரண்டியாகத் தெரிய வேண்டும் என்பது என் கட்சி. தங்க நிற ஸ்ப்ரே அடித்துவிட்டால் அது எதில் செய்தது என்பதே போய்விடும்.

காற்றில் தானாக ஓடும்படி மொட்டை மாடியில் வைக்க முடியுமா?

முடியும். 20 லிட்டர் பெயின்ட் வாளியை மேலிருந்து கீழாக இரண்டாகப் பிளந்து, இரு பாதிகளையும் ஆங்கில 'எஸ்' எழுத்துப் போலக் கொஞ்சம் தள்ளிப் பொருத்தி, நிமிர்ந்த தண்டில் மாட்டினால் எந்தப் பக்கம் காற்றடித்தாலும் சுற்றும். பின்லாந்துக்காரர் சவோனியஸ் 1920-களில் வகுத்த அமைப்பு இது. வேகம் குறைவு, ஆனால் இழுவை பலம். சிற்பத்துக்கு அதுதான் தேவை. அடியில் சைக்கிள் ஹப் வைத்தால் வருஷக்கணக்கில் ஓடும். டச்சுக் கலைஞர் தியோ யான்சன் 1990 முதல் கடற்கரையில் காற்றில் நடக்கும் பெரிய உருவங்களைச் செய்துவருகிறார். அவர் பயன்படுத்துவது வீட்டுச் சுவருக்குள் ஒயர் ஓடும் மஞ்சள் பிளாஸ்டிக் குழாய்தான்.

ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்பதை மறக்காதீர்கள். கோவை, உடுமலைப் பக்கம் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று வீசும் ஊர்களில் ஆனி, ஆடியில் இறக்கி வைத்துவிடுவது உத்தமம். நைலான் கயிறு வெயிலில் இற்றுப்போகும். தெருப் பக்கம் நீட்டிக்கொண்டு எதையும் மாட்டாதீர்கள்.

குழந்தைகளோடு சேர்ந்து செய்யலாமா?

தாராளமாக. வெட்டிய தகர விளிம்பு மட்டும் அவர்கள் கைக்குப் போகக் கூடாது. விளிம்பை அரத்தால் தேய்த்து, நீளமாகக் கீறிய பழைய டியூபை அதன் மேல் மாட்டுங்கள். கம்பி நுனிகளில் மணியோ பேனா மூடியோ. என் அனுபவத்தில் குழந்தைகளுக்குச் செய்வதைவிடப் பிரிப்பதில்தான் ஆசை. பழைய டிவிடி பிளேயரையும் ஒரு ஸ்க்ரூ டிரைவரையும் கொடுத்தால் ஒரு மத்தியானம் வீடு அமைதியாக இருக்கும். ப்ளக் ஒயரை வெட்டிவிட்டுக் கொடுங்கள்.

நேற்று வரை ஓடியது, இன்று ஓடவில்லை. என்ன செய்வது?

பலத்தைக் கூட்டாதீர்கள். எல்லோரும் செய்யும் தப்பு அது. அழுத்திச் சுற்றினால் ஏதோ ஒன்று உடையும். கம்பிகளை எல்லாம் தூக்கிவிட்டுத் தண்டை மட்டும் சுற்றிப் பாருங்கள். சுற்றினால் தண்டில் கோளாறில்லை. அப்புறம் ஒவ்வொரு கம்பியாக இறக்குங்கள். எதை இறக்கும்போது இறுகுகிறதோ, அதுதான் குற்றவாளி. எங்கள் வீட்டில் பெரும்பாலும் பேனாக் குழலுக்குள் குங்குமம் இருக்கும்.

இதெல்லாம் கலையா?

சுவிட்சர்லாந்தின் ழான் டிங்குலி பியானோ, குளியல் தொட்டி, சைக்கிள் சக்கரம் எல்லாம் சேர்த்து ஒரு பெரிய இயந்திரம் செய்தார். 1960 மார்ச் 17 அன்று நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகத்தின் தோட்டத்தில் அதை ஓடவிட்டார். அது தன்னைத் தானே உடைத்துக்கொண்டு எரிந்தது, தீயணைப்பு வீரர் வந்து அணைத்தார். அதைக் கலை என்கிறார்கள். என் கரண்டிகள் எரியவில்லை, அந்த மட்டில் நான் கொஞ்சம் பின்தங்கியிருக்கிறேன்.

பிரித்தால் சாமான்களைத் திரும்பப் பயன்படுத்தலாமா?

அதற்காகத்தான் கரண்டிகளை ஒட்டாமல் கம்பியால் கட்டியிருக்கிறேன். குறடு வைத்து இரண்டு முறுக்குப் பிரித்தால் கழன்று வந்துவிடும். போன பொங்கலன்று நெய் டப்பாவுக்குக் கரண்டி காணவில்லை என்று மாமியார் நாலாவது கரண்டியை அப்படித்தான் கழற்றிக்கொண்டு போனார். அது இன்னும் நெய் டப்பாவில் இருக்கிறது. அதன் இடத்தில் ஐஸ்கிரீம் கப்போடு வந்த மரக்கரண்டி ஏறி இறங்கிக்கொண்டிருக்கிறது. எடை போதாததால் அது மட்டும் இறங்கும்போது கொஞ்சம் பின்தங்கும்.